காபந்து அரசும் என் ஃபைலும்

ஜனவரி 9, வெள்ளி

அரசு கவிழ்ந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் 'நிலையான அரசின் நன்மைகள்' நடத்திக்கொண்டிருந்தேன். மொத்தம் ஐந்து நன்மைகள். மூன்றாவதைப் பலகையில் எழுதும்போது தலைமையாசிரியை வாசலில் வந்து நின்று, "டீச்சர், கவுந்துடுச்சு" என்றார். எது என்று நான் கேட்கவில்லை. இரண்டரை வருடத்தில் மூன்றாவது முறை. மீதி இரண்டு நன்மைகளையும் எழுதிப்போட்டேன், பரீட்சைக்கு வரும்.

இருநூறு இடத்தில் தொண்ணூற்றைந்தை வைத்துக்கொண்டு, மீதிக்கு அங்கே இங்கே கைக்கடன் வாங்கி ஓட்டிய அரசு. பட்ஜெட் அன்று ஒரு மூன்று பேர் கட்சி கையைக் கீழே இறக்கிவிட்டது. விலைவாசி ஏறும்போது இறங்குவது கை ஒன்றுதான்.

எனக்கு அதில் என்ன வந்தது? வரும் திங்கட்கிழமை என் ஃபைலில் அமைச்சர் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு தற்காலிக ஆசிரியர்களை நிரந்தரமாக்கும் ஃபைல். ஒன்பது வருடமாகத் தற்காலிகம் நான். எங்கள் தொகுதி சுயேச்சை உறுப்பினர், டயர்க்கடை அண்ணன், "இதைப் போட்டாத்தான் என் கை மேல போகும்" என்று அமைச்சரைப் பிடித்து உட்காரவைத்து வாங்கிய தேதி அது. திங்கள். கவிழ்ந்தது வெள்ளி. இரண்டு நாள் பொறுக்க முடியவில்லை மகாராஜாக்களுக்கு.

இனி அடுத்த தேர்தல் வரை காபந்து அரசாம். காபந்து அரசு புதிதாக எதிலும் கையெழுத்துப் போடக் கூடாதாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமியே ராஜினாமா.

ஜனவரி 12, திங்கள்

கையெழுத்து விழுந்திருக்க வேண்டிய நாள். மழை விழுந்தது.

ஜனவரி 20

தேர்தல் பணி ஆணை வந்துவிட்டது. வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் – நான். நான்காவது தடவை. நிரந்தர ஆசிரியர்களுக்கெல்லாம் தேர்தல் அறிவித்த அன்றே நிரந்தர முதுகுவலி வந்துவிடுகிறது. தலைமையாசிரியைக்கு பி.பி. "எனக்கு அந்த டென்ஷன் ஆகாது டீச்சர். நீங்கன்னா பழகினவங்க" என்றார். ஜனநாயகத்தைக் கட்டிக் காக்க என்னை நம்பலாம். சம்பளப் பட்டியலில் சேர்க்கத்தான் யோசனை.

ஜனவரி 24

பயிற்சி வகுப்பு. அதே மண்டபம், அதே பயிற்சியாளர், போன தடவை யாரும் சிரிக்காத அதே ஜோக். ஒரே ஒரு புதிய செய்தி: போன தேர்தலில் வைத்த மை பலருக்கு இன்னும் நகத்தை விட்டுப் போகவில்லை, ஆகவே இந்த முறை நடு விரலில் வைக்க வேண்டுமாம். பின்வரிசையில் ஒருவர், "இப்படியே போனா கால் விரலுக்கு வந்துடுவோம் சார்" என்றார். அதற்குத்தான் மண்டபம் சிரித்தது.

பணியில் இருப்பவர்கள் அன்று வரிசையில் நின்று ஓட்டுப் போட முடியாது என்பதால் எங்களுக்குத் தபால் ஓட்டு. அங்கேயே உட்கார்ந்து டயர்க்கடை அண்ணனுக்குக் குத்தி, சின்ன உறையில் போட்டு ஒட்டினேன். கூட ஒரு உறுதிமொழிப் படிவம். அதில் ஒரு அதிகாரி சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். என் சாவடியில் வேலை செய்யும் நால்வருக்கும் நானே போட்டுவிட்டேன். எனக்கு நானே போட்டுக்கொள்ளக் கூடாது, இன்னொரு அதிகாரி வேண்டும். உறையை இந்த நாட்குறிப்பின் பின்னட்டைப் பைக்குள் வைத்திருக்கிறேன். தொலையாது.

ஜனவரி 29

என் கணவர் வேலை பார்க்கும் பம்பு ஃபாக்டரியில் வாரம் மூன்று நாள்தான் வேலை என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். ஆர்டர் இல்லையாம். "அரசு வந்தா ஆர்டர் வரும்னு முதலாளி சொல்றார்" என்றார் இவர். எந்த அரசு என்று முதலாளி சொல்லவில்லை.

நாலு நாள் வீட்டில் இருந்தால் மனிதன் என்ன செய்வான்? டிவியைத் திட்டுவான்.

"இந்தத் தடவை நான் ஓட்டுப் போடப்போறதில்லை."

"ஏனாம்?"

"மூணு தடவை போட்டாச்சு. மூணும் விழுந்துடுச்சு. என் கை ராசியில்லாத கைன்னு வெச்சுக்கோயேன்."

எனக்கு வந்ததே கோபம். என் வேலை தொங்கிக்கொண்டிருப்பதே அந்த ஒரு மனுஷன் ஜெயிப்பதில்தான். கட்டின புருஷன் போடாவிட்டால் ஊரான் வந்து போடுவானா? ஒவ்வொரு வாக்கும் முக்கியம் என்று ஆரம்பித்து, ஐந்து மதிப்பெண் வினாவுக்கான விடையை முழுசாக ஒப்பித்தேன். இவர் கேட்டுவிட்டு, "அஞ்சுக்கு எவ்வளவு போடலாம்?" என்றார்.

ரெண்டு நாளாகப் பேச்சில்லை.

பிப்ரவரி 5

டயர்க்கடை அண்ணன் வீட்டுக்கு வந்தார், ஓட்டுக் கேட்க. தன்னந்தனியாக, ஸ்கூட்டரில். கூட யாரும் இல்லையா என்று கேட்டேன்.

"யாரும்மா வர்றா? போன தடவை கூட வந்தவங்களைக் கூப்பிட்டா, 'அண்ணே, மறுபடியுமா'ங்கறாங்க. எனக்கே மறுபடியுமான்னுதான் இருக்கு."

தண்ணீர் குடித்தார். பிறகு சொன்னார்: "இந்தப் பக்கமும் பெரும்பான்மை வராது, அந்தப் பக்கமும் வராது. அப்ப என் ஒரு கைக்கு விலை இருக்கும். முதல் கையெழுத்து உங்க ஃபைல்லதான். எழுதி வேணா தரேன்."

எழுதித் தர வேண்டாம் என்றேன். இந்த நாட்டில் எழுதித் தந்ததெல்லாம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் மனிதர் பொய் சொல்லவில்லை. அவர் போன பிறகு அழுகை வந்தது. ஒன்பது வருஷம். ஒன்பது வருஷமா ஒவ்வொரு மே மாசமும் 'உங்கள் பணிக்காலம் இத்துடன் முடிகிறது', ஒவ்வொரு ஜூனும் 'உங்கள் பணி நீட்டிக்கப்படுகிறது'. இலவு காத்த கிளிக்குக்கூட ஒரே ஒரு தடவைதான் பஞ்சு பறந்தது.

பிப்ரவரி 13, வெள்ளி

நாளை வாக்குப்பதிவு. வாக்கு இயந்திரம், மை, அரக்கு, எண்பத்தேழு படிவங்கள். என் நால்வரில் ஒருத்தி தபால் உறையைக் கொடுக்காமலே வைத்திருந்தாள். "ஓட்டை வெச்சு ஊறுகாயா போடப்போற?" என்று சத்தம் போட்டு, நாலையும் வாங்கி அலுவலகப் பெட்டியில் நானே கொண்டுபோய்ப் போட்டேன். என்னை யாராவது பாராட்டலாம்.

பிப்ரவரி 14, சனி

பட்டியலில் ஆயிரத்து நூற்று நாற்பது பேர். வந்தவர்கள் முந்நூற்று ஏழு. முதல் தேர்தலில் எழுநூறு, அப்புறம் ஐந்நூறு, அப்புறம் நானூறு. கழுதை தேய்ந்து கட்டெறும்பு.

பதினோரு மணிக்கு மேல் ஈயைத் தவிர யாரும் உள்ளே வரவில்லை. ஏஜெண்டுகளில் இருவர் தூங்கினார்கள். மூன்றாமவர் முழித்திருந்து அவர்கள் தூங்குகிறார்களா என்று பார்த்துக்கொண்டார். ஒரு அம்மா வந்து, "போன தடவை பட்டன்ல கை வெச்ச ஞாபகம் இன்னும் போகலை, அதையே கணக்குல வெச்சுக்க முடியாதா?" என்று கேட்டார். விதியில் இடமில்லை என்றேன். நல்ல யோசனைதான்.

மதியம் இவர் சாப்பாட்டு டப்பாவோடு வந்தார். பேச்சில்லாவிட்டாலும் சாப்பாடு உண்டு, அதற்குக் குறை சொல்ல மாட்டேன். என் மேஜைக்கும் மறைவுத் தட்டிக்கும் நடுவில் நின்றார். நாலே எட்டு. இவர் பெயர் பட்டியலில் அறுநூற்றிரண்டு, எனக்கு மனப்பாடம். தலைமை அலுவலர் யாரையும் ஓட்டுப் போடச் சொல்லக் கூடாது. கண்ஜாடைகூடக் காட்டக் கூடாது. காட்டவில்லை.

"டப்பா குடுக்க வந்தேன். வேற எதுக்கும் இல்லை" என்றார், நான் கேட்காமலே. போய்விட்டார்.

பிப்ரவரி 16, திங்கள்

சமம்.

டயர்க்கடை அண்ணன் ஒன்பதாயிரத்து இருநூற்றுப் பதினெட்டு. எதிர்க்கட்சிக்காரர் ஒன்பதாயிரத்து இருநூற்றுப் பதினெட்டு. தபால் ஓட்டும் சேர்த்துத்தான். மறுபடி எண்ணினார்கள், அதே எண். கடைசியில் இரண்டு பெயரையும் சீட்டில் எழுதி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் குலுக்கி, கண்காணிப்பாளர் ஒன்றை எடுத்தார். அண்ணன் இல்லை.

டிவி முன்னால் இவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு, "நான் போட்டிருந்தா…" என்றார். முடிக்கவில்லை. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "விடுங்க" என்றேன்.

தபால் ஓட்டும் சேர்த்து என்று டிவிக்காரி சொன்னது காதிலேயே இருந்தது. உள்ளே போய், நாட்குறிப்பை எடுத்து, பின்னட்டைப் பைக்குள் கையை விட்டேன்.

இருக்கிறது. ஒட்டிய உறை. கையெழுத்தில்லாத படிவம்.

நாலு பேருக்குச் சாட்சி போட்டவள். ஊறுகாயா போடப்போற என்று கேட்டவள். ஊருக்குத்தானடி உபதேசம்.

மறந்தேனா? இல்லை. இங்கே என்னிடமே பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? பதின்மூன்றாம் தேதி அந்த அலுவலகத்தில் ஞாபகம் வந்தது. அடுத்த அறையில் இன்னொரு தலைமை அலுவலர் டீ குடித்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்க் கேட்டால் ஒரு நிமிஷம். எழுந்திருக்கச் சலிப்பாக இருந்தது. நாலாவது தடவை, ஒரு ஓட்டுல என்ன ஆயிடப்போகுதுன்னு… அப்படித்தான் நினைச்சேன். அந்த வார்த்தையிலேயேதான்.

பிப்ரவரி 17

இவர் பாத்திரம் கழுவுகிறார். கல்யாணமாகிப் பதினாலு வருடத்தில் முதல் முறை. நான் சொல்லவில்லை. கழுவும்படியும், உறையைப் பற்றியும், இரண்டையும்தான்.

மார்ச் 3

எதிர்க்கட்சி அரசு அமைத்துவிட்டது. தொண்ணூற்றேழு. மீதிக்குக் கடன். புதிய அமைச்சர் ஃபைலை 'மறுபரிசீலனைக்கு' அனுப்பிவிட்டார். ஏழு மேஜை தாண்டிப் போன ஃபைல் முதல் மேஜைக்கு வந்து நிற்கிறது. அதற்கும் கால் வலிக்கும்.

ஏப்ரல் 11

ஸ்கூட்டர் பஞ்சர். தள்ளிக்கொண்டு இவர் வேண்டுமென்றே அண்ணன் கடைக்கே போனார், நானும் கூட. அண்ணன் பழைய சட்டையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார்.

இவர் நேராகச் சொன்னார்: "அண்ணே, நான் அன்னைக்கு ஓட்டுப் போடலை. மன்னிச்சுடுங்க."

அண்ணன் நிமிரவே இல்லை. "இதோட இருநூறு பேர் வந்து சொல்லிட்டாங்க. அத்தனை பேரும் அன்னைக்கு வந்திருந்தா நான் இப்ப அமைச்சர்."

"அடுத்த தடவை நிப்பீங்கல்ல?"

"இல்லப்பா. அங்க எதை ஒட்டினாலும் நிக்கலை. இங்க ஒட்டினா நிக்குது."

இருநூற்றொன்றாவது ஆள் ஸ்கூட்டர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். அண்ணன் என்னைப் பார்த்து, "உங்களுக்குச் செய்ய முடியாம போச்சும்மா, அதுதான் வருத்தம்" என்றார். செருப்பால் அடித்திருக்கலாம்.

மே 29

'பொருளாதார நிலையைக் கருத்தில் கொண்டு.' நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் பணிக்காலம் இத்துடன் முடிகிறது. இந்த வருடம் ஜூனில் கடிதம் வராது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள். அந்த மட்டில் நேர்மை.

சுண்ணாம்புத் தூளைத் தட்டிவிட்டு வந்தேன். வாசலில் இவர் ஸ்கூட்டரோடு காத்திருந்தார். வீட்டுக்கு வந்ததும், "என்னாலதான்" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்ன ஜன்மம் நான்.

ஜூன் 26

கவிழ்ந்துவிட்டது. நாலு மாதம். ஒருத்தர் கூட ஆச்சரியப்படவில்லை.

ஜூலை 25, சனி

பணி ஆணை வரவில்லை. நான் எந்தப் பணியிலும் இல்லையே. ஆகவே வரிசை. அண்ணன் நிற்காத தேர்தலில், யாருக்குப் போடுவது என்று தெரியாமலே, ஏழு மணிக்கு இவர் என்னை எழுப்பிக் கூட்டிப்போனார். வரிசை என்று சொல்வது மரியாதைக்கு. எங்களையும் சேர்த்துப் பதினோரு பேர்.

இவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். முகத்தைப் பார்க்காமல் சொல்வது சுலபம் என்று தோன்றியது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு என் தபால் ஓட்டும் போகலை. நான் அனுப்பலை. இன்னும் வீட்டுலதான் இருக்கு."

இவர் திரும்பவில்லை. இரண்டு பேர் உள்ளே போய் வந்தார்கள்.

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே."

இன்னும் ஒருவர் போய் வந்தார்.

"அப்ப அஞ்சு மாசமா நான் கழுவின பாத்திரம்?"

வரிசை நகர்ந்தது, நானும் நகர்ந்தேன்.

உள்ளே தலைமை அலுவலர் நாற்காலியில் எங்கள் தலைமையாசிரியை. அனுப்புவதற்குத் தற்காலிகங்கள் இல்லாததால் பி.பி. குணமாகிவிட்டது. மை வைக்கும் பெண், இந்த முறை மோதிர விரல் என்று ஆணை, ஆனாலும் பழைய மை இருக்கிறதா என்று என் விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றிலும் இல்லை. நாலு தேர்தலில் ஊருக்கெல்லாம் மை வைத்த சாவடிக்காரி, என் விரலில் ஒரு சொட்டு இல்லை.

"நீங்க இதுவரைக்கும் போட்டதே இல்லையாம்மா?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில் இவர் இரண்டடி முன்னால் நடந்தார். பாத்திரம் இன்று நான்தான் கழுவினேன். நன்றாகத் தேய்த்தேன். மை போகவில்லை.