முப்பத்தோராம் நாள் முட்டைகள்

கரவெட்டி,
15.06.2025.

அன்பு மகள் கோபிகாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைக் கண்டதும் மடித்து வைத்துவிடாதே, முழுவதும் வாசி. நீயும் பிள்ளையும் சுகமாக இருப்பதாக அம்மா சொன்னார். உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று காலையில் பிள்ளையார் கோயிலில் நின்று கும்பிட்டேன்.

தொலைபேசியில் என்றால் சுற்றி எல்லாரும் நிற்பீர்கள். எனக்குச் சொல் வராது. பக்கத்து வீட்டு நிரோஜா செவ்வாய்க்கிழமை ரொறன்ரோவுக்குப் பயணம். அவளிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் கோழிகளைப் பற்றிச் சொல்கிறேன். உன் பிள்ளைப்பேற்றுக்கு இரண்டு பேரும் வாருங்கள் என்று நீ கேட்டபோது, கோழிகளை யார் பார்ப்பது என்று சொல்லி, அம்மாவை மட்டும் அனுப்பிவிட்டு நான் இங்கே நின்றுவிட்டேன். அந்தக் கோழிகள் என்னைச் சும்மா விடவில்லை. நூற்றெண்பதும் நான் கூட்டுக்குள் கால் வைத்தாலே ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஓடின. முதல் வாரம் முட்டை பாதியாகக் குறைந்தது. போனில் அம்மாவைக் கேட்டேன். "அதுகளுக்கு உங்களைத் தெரியாது. என்ரை பச்சைச் சட்டையை மேலாலை போட்டுக்கொண்டு போங்கோ" என்றார். முப்பத்திரண்டு வருடம் பஸ் கொண்டக்டராக இருந்து ஊரையே அதட்டியவன், அம்மாவின் வீட்டுச் சட்டையோடு கோழிக்குத் தீன் போட்டேன். நாலைந்து நாளில் முட்டைத் தட்டுகள் பழையபடி நிறைந்தன. ஒழுங்கையில் அயல் வீட்டுக்காரர் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

அம்மா தன்னைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்க மாட்டார். தீன் தட்டுப்பாடு வந்த வருடம் இந்தப் பக்கத்தில் எத்தனையோ பேர் கோழிகளை இறைச்சிக்குக் கொடுத்துவிட்டுக் கூட்டைப் பிரித்தார்கள். அம்மா பிரிக்கவில்லை. தவிடும் முருங்கையிலையும், பருத்தித்துறையிலிருந்து மீன் கழிவும் எடுத்துக் காயவைத்து, இடித்து, தானே தீன் செய்தார். முட்டைக் கோது மெலிந்தபோது சிப்பியை நொறுக்கிக் கலந்தார். ஒரு கோழியையும் விற்கவில்லை. போன மாதம் மிருக வைத்தியர் கோழி வளர்ப்புப் பழகும் இருபது பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து கூட்டைக் காட்டினார். இதையெல்லாம் செய்தவர் யாரிடம் படித்தவர் என்று ஒரு பிள்ளை கேட்டாள். "ஒருத்தரிட்டையும் இல்லை, இது என்ரை மனிசி இராசாத்தியின்ரை சொந்த மூளை" என்றேன். சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இதை அம்மாவின் முகத்துக்கு நேரே நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

இனி உங்கள் வீட்டுக் கதை. உன் மாமியார் இஞ்சியும் கறுப்பு வினாகிரியும் விட்டு அவித்த முட்டை தருகிறாராம். அம்மா முட்டைமாவும் நல்லெண்ணெயும் என்று நிற்கிறாராம். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாமல் அடுப்படியில் கையைக் காட்டிச் சண்டை பிடித்து, கடைசியில் ஒரு நாள் அவர், ஒரு நாள் இவர் என்று முறை வைத்துக்கொண்டார்களாம். அம்மா சிரித்துச் சிரித்துச் சொன்னார். பிள்ளை பெற்றவளுக்கு முட்டைதான் பலம் என்று அவர்களும் நினைப்பதைக் கேட்க எனக்கு அதிசயமாக இருந்தது.

வியாழக்கிழமை கதைத்தபோது, பிள்ளைக்கு ஒரு மாதமானதற்கு உன் மாமியார் முட்டை அவித்துச் சிவப்புச் சாயம் பூசி இனசனத்துக்கெல்லாம் கொடுக்கிறார் என்று அம்மா சொன்னார். எங்கள் வழக்கப்படியும் வெள்ளிக்கிழமை துடக்குக் கழிக்கும் முப்பத்தொன்று. கூடு நிறைய முட்டையை வைத்துக்கொண்டு, என் பேத்திக்கு நான் ஒன்றும் செய்யாமல் இருப்பதா என்று மனம் கேட்டது.

வெள்ளியில் எங்கள் ஒழுங்கையில் முட்டை தொடமாட்டார்கள். ஆகவே நேற்றுச் சனிக்கிழமை காலை, வெள்ளை முட்டையாகப் பார்த்து அறுபது பொறுக்கி அவித்தேன். பீட்றூட் சாற்றில் போட்டால் சேற்று நிறம்தான் வந்தது. என்னோடு பஸ்சில் வேலை செய்த குருநகர் அடைக்கலநாதனுக்குப் போன் அடித்தேன். அவர் மனைவி சின்னத்தங்கம் போனை வாங்கி, "அண்ணை, கேசரிக்குப் போடுற சிவப்பைக் கரைச்சு ரெண்டு கரண்டி வினாகிரி விடுங்கோ. ஈஸ்டருக்கு நாங்கள் உப்பிடித்தான் செய்யிறனாங்கள்" என்றார். அப்படியே செய்தேன். செம்பரத்தம்பூ மாதிரி வந்தது, மகள். நீ பார்த்திருக்க வேண்டும்.

கூடையைத் தூக்கிக்கொண்டு முதலில் தம்பிஐயா அண்ணை வீட்டுக்குப் போனேன். சுத்த சைவக்காரர், உனக்குத் தெரியும். "உதென்ன தியாகு, சிவப்பு முட்டை?" என்று கேட்டார். நீ கலியாணம் செய்து மூன்று வருடமாக இந்த ஒழுங்கைக்கு நான் சொல்லிவந்தது, மகள் இன்னும் படிக்கிறாள், கலியாணத்துக்கு நேரமில்லை என்பதுதான். அதுதான் நாக்கு நுனியில் முதலில் வந்து நின்றது. விழுங்கிவிட்டுச் சொன்னேன்: "கோபிகாவுக்குப் பெட்டைப் பிள்ளை பிறந்து முப்பத்தொண்டு அண்ணை. மருமகன் சீனப் பெடியன். சிவப்பு முட்டை குடுக்கிறது அவையின்ரை வழக்கம். முட்டை எங்கடை வளவுக் கோழி போட்டது."

அவர் எழுந்து வந்து இரண்டு கையாலும் வாங்கினார். "நான் தின்னன், பேரனுக்குக் குடுக்கிறன். பிள்ளைக்கு என்ன பேர் வைச்சவை?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை, மகள். இந்த ஒரு மாதமாக நான் கேட்டதும் இல்லை.

படலைக்கு வெளியே வந்து அம்மாவுக்குப் போன் அடித்துக் கேட்டேன். "அதைப் பெத்தவளிட்டைக் கேளுங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அம்மா செய்தது சரிதான். மற்ற வீடுகளிலும் எல்லாரும் அதையேதான் கேட்டார்கள். மகளின் கடிதத்தில் வரும் என்று சொல்லிச் சொல்லி அறுபது முட்டையையும் கொடுத்து முடித்தேன். ஒருவரும் ஒரு குறை சொல்லவில்லை. நான்தான் இத்தனை நாளும் இல்லாத ஊர்வாய்க்குப் பயந்திருக்கிறேன்.

ஆகவே பிள்ளையின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பு. கீழே உன் கணவரின் பெயரையும் எழுது, எப்படி உச்சரிப்பது என்று தமிழில் எழுது. மூன்று வருடத்தில் ஒரு தடவையும் அதை நான் சொல்லவில்லை. பிழையில்லாமல் சொல்லிப் பழகிக்கொண்டுதான் அவரோடு கதைக்க வேண்டும். உன் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லு.

நீங்கள் மூவரும் எல்லாம் பெற்று நீடு வாழ வேண்டும். பதில் போடு, பிள்ளை. ஒழுங்கை முழுக்கக் கேட்கிறார்கள்.

உன் அப்பா,
தியாகராசா