கேசட்டில் இருக்கும் கடல்

என் ஜெயந்தி அக்கா,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. செத்தவர்கள் மேல் பொறாமைப்படக் கூடாது என்பார்கள். எனக்கு உன் மேல் இன்னும் பொறாமைதான். அதை ஊரறியச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் வேலையை எனக்குத்தான் கொடுத்தார்கள். குருசுக்குப்பத்து மீனவர் சங்கக் கட்டடத்தின் பின்னறை, அதே கம்ப்யூட்டர், அதே மைக். சாயங்காலம் இன்டர்நெட்டில் கடல் நிலவரத்தை எடுத்துத் தாளில் எழுதி வைக்கிறேன். விடியற்காலையில் ஆட்கள் தொழிலுக்குக் கிளம்பும் முன் குழாய் ஒலிபெருக்கியில் படிக்கிறேன். அலை உயரத்தை மீட்டரில் சொல்வதில்லை. நீ பழக்கியபடி முழங்கால், இடுப்பு, ஓர் ஆள், இரண்டு ஆள் என்று உடம்பால் அளந்துதான் சொல்கிறேன்.

ஆனாலும், "அந்தப் பொண்ணு கொரலக் கேக்காம போட்டத் தள்ள மனசே வரல" என்றார்கள். நீ குரலைச் சரிபார்க்க ஒரு நாள் பதிவு செய்த கேசட் அகப்பட்டது. அன்றிலிருந்து தினமும் முதலில் உன் வணக்கம். அதோடு கேசட்டை நிறுத்திவிட்டு என் நிலவரம். உயிரோடு இருக்கிற நான் உனக்கு எடுபிடி.

அந்த அறையில் உட்கார்ந்து நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "பாரு உமா, இன்னும் கொஞ்ச வருசத்துல ஒவ்வொரு போட்டுலயும் ஒரு பெட்டி இருக்கும். அலை எழும்பறதுக்கு முன்னாடியே பேசும். கரையில எந்தப் பொம்பளயும் கடலப் பாத்துக்கினு நிக்க வேணாம்."

"மொதல்ல கரண்ட் ஒழுங்கா வரட்டும்க்கா" என்றேன்.

"ஒன் வாயில நல்லதே வராதாடி" என்று சிரித்தாய்.

நீ காய்ச்சலில் கிடந்த ஆஸ்பத்திரியில், உன்னைக் காப்பாற்றியிருக்கக்கூடிய மெஷின் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நின்றது. ஓட்டத் தெரிந்த ஆளை இன்னும் போடவில்லையாம். கடற்கரைச் சாலை விளக்குகள் அணைவதே இல்லை. நம் குப்பத்தில்தான் கரண்ட் போகிறது. முன்னேற்றம் எந்தத் தெரு வரைக்கும் வரலாம் என்று யார் தீர்மானிக்கிறார்கள், அக்கா? நீ அதைக் கேட்கவே இல்லை. நம்பிக்கை குலையாமல் போய்விட்டாய். என் பெரிய பொறாமை அதுதான்.

போன வாரம் உன் வணக்கம் முடிந்த நொடியில் கரண்ட் போய்விட்டது. தாளை எடுத்துக்கொண்டு கரைக்கே ஓடினேன். கடல் அப்போது சும்மாதான் கிடந்தது. என் அண்ணன் சேகர் போட்டில் வலை ஏற்றிக்கொண்டிருந்தான். "மத்தியானத்துக்கு ரெண்டு ஆள் ஒசரம் அலை வருது, இன்னிக்கி எறங்காதீங்க" என்று கத்தினேன்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. பிளேயரின் பட்டன் அமுங்கியபடியே இருந்ததை நான் மறந்திருந்தேன். விட்ட இடத்திலிருந்து நீ பேசினாய்: "இன்னிக்கி அலை முழங்கால் ஒசரம்தான். பயப்படாம போய்ட்டு வாங்க."

எல்லோரும் குழாயை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அது பழைய கேசட்டு மாமா. என்னைக்கோ பேசுனது" என்றேன்.

"தெரியும்மா. செத்தவ வாயில நல்ல வார்த்த வருதுன்னா சும்மாவா?" என்றார் பக்கத்துப் போட்டு முருகேசன் மாமா. "அவ மேலேர்ந்து பாத்துச் சொல்றா. நீ தாளப் பாத்துச் சொல்ற."

"அவ மேல ஒனக்கு எப்பவும் பொறாமடி, தள்ளு" என்றான் சேகர்.

அவன் சொன்னது உண்மை. அதனால்தான் வாயடைத்து நின்றேன். நான்கு போட்டுகள் இறங்கிப் போயின.

மத்தியானம் திரும்பும்போது, கரைக்குக் கிட்டே, அலை சேகர் போட்டைக் கவிழ்த்தது. நீந்தி வந்துவிட்டான். தோள்பட்டை எலும்பு உடைந்திருந்தது. கட்டோடு படுத்துக்கொண்டு, "அக்கா பொய் சொல்லல உமா. நாள்தான் தப்பு" என்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது. அவனை அறையவும் தோன்றியது.

நீ ஆசைப்பட்ட பேசும் பெட்டி வந்துவிட்டது, அக்கா. இப்படித்தான் வந்தது, கடலைப் பார்க்காமல் பேசிக்கொண்டு. இன்னும் பெரிய பெட்டிகள் வரும். செத்தவர்கள் குரலில்கூட விதவிதமாகப் பேசும். அது எந்த நாள் கடல் என்று கேட்க அன்றைக்கும் கரையில் ஓர் ஆள் வேண்டாமா?

"வணக்கத்த மட்டும் வெட்டி வச்சிக்கலாமே" என்கிறார் சங்கத் தலைவர். முடியாது என்றுவிட்டேன். கேசட்டையும் பிளேயரையும் நேற்றே உன் அம்மாவிடம் கொடுத்தேன். பெரியம்மா அடுப்படியில் வைத்துக் கேட்கிறாள். அந்த வீட்டில் தினமும் அலை முழங்கால் உயரமாகவே இருக்கட்டும்.

கரையில் இனி என் குரல்தான். கேட்காதவன் போட்டுக்கு முன்னால் போய் நின்று சொல்வேன். பொறாமையா என்று கேட்டால், ஆமாம் என்பேன். சொல்லிவிட்டு, அன்றைய அலை எத்தனை ஆள் என்றும் சொல்வேன். இனி வாயடைத்து நிற்க மாட்டேன், அக்கா.

உன் சித்தப்பா மகள்,
உமா