கையெழுத்துக்கு வரவேண்டியவர்

டத்தோ கிராமாட், பினாங்கு
20 சித்திரை 1943

அன்பின் அத்தானுக்கு,

நானும் பிள்ளை கமலாவும் சுகம். உங்கள் சுகத்தை மாசத்துக்கு ஒருக்காலாவது எழுதினால் கை தேய்ந்துவிடாது.

இப்போது ஒரு அவசரம். இந்த மேல்மாடி வீட்டின் பதினைந்து வருஷக் குத்தகை ஆடி மாசத்தோடு முடிகிறது. வீட்டுச் சொந்தக்காரர் காரைக்குடியில் இருக்கிறார், கப்பலும் இல்லை. அவருடைய ஏஜெண்டு குமரப்பச் செட்டியாரைப் போய்ப் பார்த்தேன். "நீட்டிக் கொடுக்கலாம் அம்மா, எழுத எனக்கு அதிகாரம் இருக்கு. ஆனா சும்மா நீட்ட முடியாதுல்ல" என்றார். நீட்டிப்புப் பணம் வேறு, முத்திரைச் செலவு வேறு, காணிக் கந்தோரில் பதியிற கூலி வேறாம். எதை முதலில் கட்டுவது என்று கேட்கக் கேட்க ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார். உறுதிப் பத்திரத்தில் 1943 என்று இருக்கிறது, கந்தோரிலோ ஜப்பான்காரர் கணக்கில் இது 2603ஆம் வருஷம். தவணை முடிந்து அறுநூற்றுச் சொச்சம் வருஷமாயிற்று, எழும்பு என்பார்களோ? கந்தோர் திறக்கிறது தோக்கியோ நேரத்திலா, எங்கள் நேரத்திலா? தலை சுற்றுகிறது.

குத்தகை என் பெயரில், என் சீதனக் காசில் எடுத்ததுதான். என்றாலும் வீடு வளவு விஷயத்தில் புருஷன் சம்மதித்துக் கையெழுத்து வைக்காமல் பெண்சாதி எப்படி எழுதுவது? யாழ்ப்பாணத்தில் எங்கள் தேசவழமைச் சட்டம் அதுதானே. அன்றைக்கும் பக்கத்தில் நின்று நீங்கள் வைத்தீர்கள். ஒருக்கால் வந்துவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் ஆவணியில் நானும் பிள்ளையும் தெருவில்.

இப்படிக்கு,
கனகேஸ்வரி

தைப்பிங்
6 வைகாசி 1943

அன்புள்ள கனகத்துக்கு,

உமது கடிதம் யாரோ திறந்து வாசித்து, திரும்ப ஒட்டி, ஆறி அமர்ந்து வந்து சேர்ந்தது.

குண்டு விழுந்த அந்த 1941 மார்கழியில், தைப்பிங்குக்குப் போவோம் என்று கெஞ்சினேன். நீர் அசையவில்லை. "வீடா, நானா?" என்று கேட்டேன். "வீடுதான்" என்றீர். அக்கா வீட்டுக்கு நான் தனியே வந்தேன். இப்போது அதே வீட்டுக்கு என்னுடைய கையெழுத்து வேண்டுமாம்! நல்ல பகிடி.

எத்தனை வருஷத்துக்கு நீட்டுகிறார்கள்? எவ்வளவு காசு முடியும்? விட்டுவிட்டு இங்கே வந்தால் என்ன? வரச் சொல்லி எழுதுகிறேனா என்று எனக்கே விளங்கவில்லை. இங்கே நான் படுக்கிறது விறாந்தையில். பத்திரத்தைத் தபாலில் அனுப்பும், கையெழுத்து வைத்து அனுப்புகிறேன்.

ஆனந்தராஜா

டத்தோ கிராமாட்
22 வைகாசி 1943

அன்பின் அத்தானுக்கு,

உறுதியைத் தபாலில் அனுப்பவா? உங்களுக்கு என்ன பேய் பிடித்திருக்கிறது? வழியில் தொலைந்தால் யாரிடம் போய் அழுவேன்?

பத்து வருஷம் நீட்டலாமாம். எல்லாமாக முந்நூறு வெள்ளி. நோட்டை எடுத்து நீட்டினேன். செட்டியார் நோட்டைப் பார்க்கவில்லை, என் கழுத்தில் கிடந்த அட்டியலைப் பார்த்தார். இதற்கு மேல் எழுதமாட்டேன், உங்களுக்கு விளங்கும். "பிள்ளையின் அப்பா வந்ததும் எழுதுவோம்" என்றேன். "அவர் எதுக்கு?" என்பதுபோல் முழித்தார். அவர் ஏன் முழித்தார் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று யாரோ ஒரு பெரிய இடத்து ஆள் வந்து அறைகளைக் காலடியால் அளந்துவிட்டுப் போனான். கீழ்வீட்டு நல்லம்மாள், "பேப்பர் இல்லாட்டி பறிச்சிடுவாங்க அக்கா, சீக்கிரம் பாருங்கலா" என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. வாங்கோ.

கனகேஸ்வரி

தைப்பிங்
10 ஆனி 1943

அன்புள்ள கனகத்துக்கு,

பிரயாணப் பாஸ் கிடைத்தது. வெள்ளிக்கிழமை வண்டிக்கு வேட்டி சட்டை எல்லாம் மடித்து வைத்துவிட்டேன். என்ன கடதாசி கொண்டுவரவேண்டும் என்று கேட்க, இங்கே மனு எழுதுகிற மீரா சாகிப்பிடம் போனேன். மனுஷன் சிரித்தார். "உங்க யாழ்ப்பாணச் சட்டம் இங்க செல்லாது கிராணி ஐயா. குத்தகை அம்மா பேர்லதானே இருக்கு? அம்மா போட்டா போதும்லா!"

அன்றைக்கு நான் வைத்த கையெழுத்தையும் யாரும் கேட்கவில்லையாம். நானாகப் போய் வைத்திருக்கிறேன்! இத்தனை வருஷமும் அது இல்லாமல் உமக்கு வீடே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கையெழுத்துக்காகப் போகிறேன் என்று சொல்லி வாங்கின பாஸ் அது. ஆகையால் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நீரே போய் வையும். உறுதிக்கு நான் தேவையில்லை. வேலை மிச்சம் என்று சந்தோஷப்படவேண்டும். மடித்த சட்டையைத் திரும்பக் கொடியில் போட்டபோது ஏனோ சந்தோஷம் வரவில்லை.

ஆனந்தராஜா

டத்தோ கிராமாட்
28 ஆனி 1943

அன்பின் அத்தானுக்கு,

அட்டியலைக் கழற்றிக் கொடுத்தேன். கந்தோரில் போய் நானே கையெழுத்து வைத்தேன். பத்து வருஷத்துக்கு வீடு எங்களுக்கு. ஒருவரும் உங்களைக் கேட்கவில்லை. படியிறங்கி வெளியே வந்த பிறகு அழுகை வந்தது. வீடு கிடைத்து அழுதேனா, நீங்கள் வராததற்கு அழுதேனா? எனக்குத் தெரியாது.

பாஸைத் திருப்பிக் கொடுத்தீர்களாம்! என்ன மனுஷரப்பா நீங்கள்! ஒரு கையெழுத்துக்காகவா நான் இத்தனை கடிதம் எழுதினேன்? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதத்தை வாசித்த பிறகுதான் எனக்கே விளங்கியது. அன்றைக்கு வீடு என்று சொன்னது கோபத்தில் வந்த சொல். எல்லாரும் ஓடிவிட்டால் பிறகு எங்கே திரும்பி வருவது என்ற பயமும் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, கேட்க உங்களுக்குப் பொறுமை இல்லை.

உறுதிக்கு நீங்கள் தேவையில்லை. எனக்குத் தேவை. புதுப் பாஸுக்குக் காரணம் கேட்டால், பெண்சாதி கூப்பிட்டாள் என்று எழுதிக் கொடுங்கோ.

பதியும்போது செட்டியார் பேனையைப் பிடித்தபடி, "வீட்ல எத்தனை பேரம்மா?" என்று கேட்டார். கமலா என் முகத்தைப் பார்த்தாள். மூன்று பேர் என்றேன். எழுதி முத்திரையும் குத்திவிட்டார்கள். என்னைப் பொய்க்காரி ஆக்கிப்போடாதேயுங்கோ.

உங்கள்
கனகம்