மலாச்சி வீட்டுத் துக்கத்தில் நான் அடித்த மேளம்

என்னிஸ்
மார்ச் 9

அன்புள்ள யைரா,

இங்கே நான் நலம். கையெழுத்து கோணலாக இருந்தால் குளிர்தான் காரணம், உன் அம்மாவிடம் நோய் என்று வத்தி வைக்காதே. நீங்கள் இருவரும் நலமென்று உன் குரல் செய்தியில் தெரிந்தது, பின்னால் அவள் என்னைத் திட்டுவதும் தெளிவாகவே கேட்டது. உனக்கும் எனக்கும் பத்தொன்பது வயதுதான் வித்தியாசம், சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. உன் விசாவுக்கு என் நிரந்தர வேலைக் கடிதம் வேண்டும், அதைக் கிட்டத்தட்ட நானே கெடுத்துக்கொண்டேன்.

ஆறு வருடமாக இந்த ஊர்ப் பள்ளியில் மேளமும் ஆட்டமும் சொல்லித் தருகிறேன், சனிக்கிழமைகளில் கல்யாண மேடைகளில் ஆடுகிறேன். என்னை நிரந்தரமாக்கும் தாளில் கையெழுத்துப் போட வேண்டியவர் பள்ளிக் குழுத் தலைவர் மலாச்சி. போன மாதம் அவருடைய தாயார் இறந்துபோனார், தொண்ணூற்றொரு வயது. நம் ஊர் அன்லோகாவில் அந்த வயதில் இறந்தவர் வீட்டு வாசலில் மேளமில்லாமல் நிற்பவன் எதிரி. இந்த ஊர்க்காரர்களோ வரிசையில் வந்து, கை குலுக்கி, வருத்தம் என்று முணுமுணுத்துவிட்டு, பன்றி இறைச்சி வைத்த ரொட்டி சாப்பிடப் போவார்கள். எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும், சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று மேளம் அடித்தேன். நாற்பது பேர் ரொட்டியை மெல்லுவதை நிறுத்தினார்கள். தலைமையாசிரியை டிம்ப்னா என் முழங்கையைப் பிடித்து, வாங்க எலிக்கெம், ஒரு டீ குடிங்க என்று சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். நாலு டீ கொடுத்தார்கள். வாயை அடைக்க இந்த ஊரில் அதுதான் வழி.

பிறகு எட்டு நாள் யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் குளிர்சாதன மெக்கானிக் வேலை படித்தவன், சத்தம் நின்றால் கம்ப்ரஸர் போய்விட்டது என்றுதான் எனக்குத் தோன்றும். பொறுக்காமல் மலாச்சியின் பண்ணைக்கே போய், வெச்சுக்கிறீங்களா, துரத்துறீங்களா, என் மகளுக்குப் பதில் சொல்லணும் என்று கேட்டேன். அவர் மழையைப் பற்றிப் பேசினார், கன்றுக்குட்டியைப் பற்றிப் பேசினார், கடைசியில், அம்மாவுக்குப் பத்து வருஷமாக் காது கேக்காதுப்பா, இல்லன்னா அவளே எழுந்து வந்து உன்னை வெளியே தள்ளியிருப்பா என்றார். துக்கம் முடிந்த மறுநாளே என் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். டிம்ப்னா சொல்லியிருப்பாள் என்று இவர், இவர் சொல்லியிருப்பார் என்று அவள். எனக்கு அவரைக் கடிக்கலாம் போல இருந்தது.

என் மகளும் மேளம் அடிப்பாள், என்னைவிடச் சத்தமாக என்றேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு, எத்தனை மேளம் கொண்டு வரான்னு முன்னாடியே சொல்லு, ஷானன் ஏர்போர்ட்டுக்கு என் வேன் பத்துமான்னு பாக்கணும் என்றார்.

வேலைக் கடிதத்தின் நகலை இதனுடன் வைத்திருக்கிறேன், திங்கட்கிழமையே மனுவைப் போடு, உன் மாமனின் யோசனை எதையும் கேட்காதே. கடவுள் உன் காலடியைக் காக்கட்டும், கையுறை வாங்கு. மேளம் எத்தனை என்று உடனே எழுது, இரண்டைக் குறைத்துச் சொல், பாவம் அவர்.

உன் அப்பா,
எலிக்கெம்