பத்து எண்ணும் வரை

பிப்ரவரி 4

என் ஜில்லுவுக்கு,

நலம். நீ நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன? நேற்று பேராய மன்றத்தில் தீர்மானம் நிறைவேறிவிட்டது. இனி நம் ஆங்கிலிக்கன் சபையில் பெண்களுக்கும் குருப்பட்டம் உண்டு. முதல் பெயர் உன்னுடையது. இவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து சொன்னார். பதினோரு வருஷமாகப் பேராயராக இருக்கிற மனிதர், இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

வாழ்த்துகள். எழுதிவிட்டேன், பார்.

"என் பேரு?" என்று கேட்டேன். இவருக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. பிறகு, பதவிக்கு வந்த முதல் வருஷம் தான் போட்ட சட்டத்தை எனக்கே எடுத்துச் சொன்னார். பேராயரின் உறவினர் யாருக்கும் சபையில் எந்தப் பொறுப்பும் கிடையாது. அந்தச் சட்டத்தை வைத்துத்தானே சொந்தத் தம்பியையே பள்ளித் தாளாளர் நாற்காலியிலிருந்து இறக்கினார்! எல்லாரும் மெச்சினார்கள். நானும் கை தட்டினேன், மடச்சி.

எனக்கு நாற்பத்தொன்பது. விண்ணப்பிக்க வயது வரம்பு ஐம்பது. இவர் ஓய்வு பெறும்போது எனக்கு ஐம்பத்தைந்து ஆகிவிடும். இறையியல் கல்லூரியில் பிரசங்கப் பரிசு எனக்கு, இரண்டாமிடம் உனக்கு. அதையும் சொல்லிவைக்கிறேன்.

உன் அங்கியை நான்தான் தைப்பேன். தோள் அளவு அனுப்பு.

உன் ஸ்பீக்கர்


பிப்ரவரி 13

அன்புள்ள ஸ்பீக்கர்,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை அழுகை வந்தது. இரண்டாம் தடவை கோபம் வந்தது.

இருபத்தாறு வருஷமாக ஆஸ்பத்திரி வார்டுகளில் ஜெபித்தேன், ஞாயிறு பள்ளி நடத்தினேன், என்னைவிட வயதில் சின்ன ஆயர்களுக்குப் பிரசங்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். ஆலயத்தில் பலிபீடத்தின் விரிப்பை நான் துவைக்கலாம், அதன் முன்னால் நிற்கக் கூடாது. இப்போதுதான் நிற்கப்போகிறேன். அதற்குள் உனக்குப் பொறுக்கவில்லை.

பொறாமை உனக்கு மட்டும்தான் வருமா? பரிசை நீ வாங்கினாய். மாப்பிள்ளையையும் நீயே தட்டிக்கொண்டு போனாய். உன் கல்யாணத்தன்று தலைவலி என்று விடுதியிலேயே படுத்திருந்தேனே, அது தலைவலி இல்லை. இப்போது சொன்னால் என்ன குறைந்துவிடப் போகிறது.

இன்னொன்று. உன் வீட்டுக்காரர் இளம் ஆயராக இருந்தபோது அவருக்குப் பெயர் வாங்கித் தந்ததே, சாத்திய கதவைப் பற்றிய அந்தப் பிரசங்கம், அது விடுதிக் குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் நின்று, ஸ்பீக்கர் வைத்த மாதிரி நீ சத்தமாகப் பழகிய உன் சொந்தப் பிரசங்கம். எனக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை. அதற்காகவாவது நல்லதாக ஓர் அங்கி தை. தோள் பதினைந்து அங்குலம்.

ஜில்லு


மார்ச் 2

ஜில்லு,

தலைவலி விஷயம் எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் உனக்கென்று தனியாகக் கேக் எடுத்து வைத்தேன்.

அங்கியை இத்துடன் அனுப்புகிறேன். கடைசிப் பொத்தானை வைத்ததும் கதவைச் சாத்திக்கொண்டு நானே போட்டுப் பார்த்தேன். எனக்குக் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். இவர் கதவைத் தட்டி, உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார். என்னவென்று சொல்வது?

பேராயர் மாளிகையைச் செவிலியர் விடுதிக்குக் கொடுத்துவிட்டு இந்த மூன்றறை வீட்டுக்கு வந்தோமே, பாராட்டெல்லாம் இவருக்கு. பாத்திரம் வைக்க இடமில்லாமல் திண்டாடியது நான். அதைக்கூடப் பொறுத்தேன். இப்போது சாப்பாட்டு மேஜையில் தினமும் 'உன் சிநேகிதி, உன் சிநேகிதி' என்று உன் புராணம். எனக்கு வயிறு எரிகிறது.

பட்டம் கொடுக்கும் முன் சபையைப் பார்த்து, "தடை ஏதும் அறிந்தவர் எழுந்து சொல்லலாம்" என்று கேட்பார்கள் இல்லையா? முன்பெல்லாம் அதை ஒப்புக்குப் படித்துவிட்டுப் போவார்கள். சபையின் வாயை அடைக்கக் கூடாது, கேட்டுவிட்டுப் பத்து எண்ணும் வரை காத்திருக்க வேண்டும் என்று விதி செய்தவர் இவர். அந்தப் பத்துக்குள் நான் எழுந்திருப்பேன். உன்மேல் குறை சொல்ல இல்லை. 'அவள் பக்கத்தில் நானும் நிற்க வேண்டியவள்' என்று சொல்ல. இவரிடமும் சொல்லிவிட்டேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

இதற்குமேல் என் கையால் தைத்தது வேண்டாமென்றால் திருப்பி அனுப்பிவிடு.

ஸ்பீக்கர்


மார்ச் 20

அன்புள்ள ஸ்பீக்கர்,

நேற்று உன் அங்கியோடுதான் நின்றேன். கச்சிதமாக இருந்தது.

என்னைச் சபையின் பக்கம் திருப்பி நிறுத்தியிருந்தார்கள். நீ மூன்றாம் வரிசை ஓரத்தில், முன் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு இருந்தாய். அவர் கேள்வியைக் கேட்டார். நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று சொல்லி முடிப்பதற்குள் அவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார். உன்னையும் என்னையும் தவிர வேறு யாருக்கும் அது தெரியவில்லை. இன்றைய பத்திரிகையில் 'அஞ்சாத பேராயர்' என்று போட்டிருக்கிறார்கள். என் தலையில் கை வைத்தபோது அவர் மூன்றாம் வரிசைப் பக்கமே பார்க்கவில்லை.

நீ எழுந்துவிடுவாயோ என்று எனக்குப் பயமாக இருந்தது. உன்னை எழவே விடவில்லையே என்று பிறகு அதைவிடக் கஷ்டமாகிவிட்டது. பட்டம் கிடைத்த நாளில் நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போகவில்லை.

இத்துடன் விண்ணப்பப் படிவம் வைத்திருக்கிறேன். 'பரிந்துரைக்கும் குரு' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். குருவாக நான் போட்ட முதல் கையெழுத்து இதுதான். ஒன்பதாம் கேள்வி அவரே சேர்த்தது. அதை நீதான் நிரப்ப வேண்டும்.

ஜில்லு


ஏப்ரல் 24

என் ஜில்லுவுக்கு,

ஒன்பதாம் கேள்வி: பேராயருக்கு உறவா, என்ன உறவு? 'ஆம், மனைவி' என்று கொட்டை எழுத்தில் எழுதி, மேஜையில் இவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். நாலு நாள் அதைத் தொடாமலே சாப்பிட்டார். ஐந்தாம் நாள் காலையில் கேட்டேவிட்டேன்.

"அன்னைக்கு ஏன் எண்ணல?"

"நீ எழுந்தா, நீ சொல்றதுதான் சரின்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். அதுக்குப் பயந்துட்டேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் என்னைப் பாராட்டியது இந்த ஒரு தடவைதான்.

சட்டத்தை எடுக்க மாட்டேன் என்றார். எடுத்தால் அடுத்து வருகிறவர் மச்சான், மருமகன் எல்லாரையும் கொண்டுவந்து உட்கார வைப்பார். அதுவும் நியாயம்தான். ஆனால் படிவத்தின் ஓரத்தில், 'இதை மன்றம் முடிவு செய்யட்டும், நான் அங்கே இருக்க மாட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நேற்று மன்றம் கூடியது. இவர் வெளியே வராந்தா பெஞ்சில், நேர்காணலுக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். பட்டம் உண்டு, இவர் ஓய்வு பெறும் வரை பொறுப்பு எதுவும் கிடையாது. பட்டம் கொடுப்பவர் பக்கத்துப் பேராயத்தின் பேராயர்.

வீட்டுக்கு வந்து சந்தோஷத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. உன் தலையில் வைத்த கையை இவர் என் தலையில் வைக்கப்போவதில்லை. அதுவும் உனக்குத்தான் கிடைத்தது. என் வயிற்றெரிச்சல் இந்த ஜென்மத்தில் அடங்காது, ஜில்லு. நீயும் அடங்கும் என்று எதிர்பார்க்காதே.

ஆனால் பேராயர் கை வைக்கும்போது, கூடியிருக்கிற குருக்களும் கூடவே கை வைப்பார்கள் இல்லையா? விடுதியில் எனக்குக் காய்ச்சல் கொதித்தபோது, ஈரத்துணி வேண்டாம், இவள் கையே ஜில்லென்று இருக்கிறது, இதுவே போதும் என்று சொல்லித்தான் உனக்கு அந்தப் பேர் வைத்தேன்.

சீக்கிரமே வந்துவிடு. மற்ற குருக்கள் முண்டியடிப்பதற்குள் உன் கையை வைத்துவிடு.

ஸ்பீக்கர்