குங்குமம் பட்ட ஃப்ளாப்பி

18.10.99, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஆயுத பூஜை. போன வருஷம் பார்வதி இறந்த வருஷம் என்பதால் பூஜை இல்லை. ஆகவே நான் தனியாகச் செய்யும் முதல் பூஜை இதுதான். பொரி வாங்கினேன், ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று தெரியாமல் ஒரு பை நிறைய.

பொட்டு வைத்தவை: மிக்ஸி, அவள் தையல் மெஷின், கிணற்று மோட்டார், சைக்கிள், கம்ப்யூட்டர். பஞ்சு மில்லில் எலக்ட்ரீஷியனாக முப்பது வருஷம் ஒரு மோட்டாரையும் விடாமல் சந்தனம் வைத்த கை. கம்ப்யூட்டரில் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாவற்றுக்கும். கடைசியாக அந்த ஃப்ளாப்பிக்கும். அதற்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக.

அதில் பார்வதியின் குரல் இருக்கிறது. மகன் சிங்கப்பூர் போகும் முன் மைக் சோதிக்க அம்மாவைப் பேச வைத்துப் பதிந்தது. ஒரு நிமிஷம்கூட இல்லை. தினம் காலையில் ஒரு முறை கேட்பேன். பூஜையில் வைத்ததைத் தொடக்கூடாது, ஆகையால் இன்று கேட்கவில்லை.

வீடு ரொம்பப் பெரியதாக இருக்கிறது.

19.10.99

மழை விட்டது. குளித்து, சாமி கும்பிட்டு, ஃப்ளாப்பியைப் போட்டேன். கர் கர் என்று சத்தம். 'இந்த டிஸ்க் ஃபார்மேட் ஆகவில்லை, செய்யவா?' என்று இங்கிலீஷில் கேட்கிறது. நல்லவேளை, 'நோ' கொடுத்தேன். எடுத்துப் பார்த்தால் தகரத் தகட்டின் அடியில் சந்தனம், குங்குமம். தகட்டை நகர்த்தினால் உள்ளேயும் சிவப்பு.

முட்டாள். முட்டாள். முட்டாள்.

மகன் சொல்லிக்கொடுத்து நான் எழுதி வைத்தது:
ஸ்டெபிலைசர் முதலில், பிறகுதான் சி.பி.யு.
ஷட் டவுன் கொடுக்காமல் சுவிட்சை அணைக்காதே.
மவுஸ் உருண்டையில் பஞ்சு சேரும், மாதம் ஒரு தடவை துடை. (நம் ஊரில் வாரம் ஒரு தடவை.)
ஸ்பீக்கர் பக்கத்தில் ஃப்ளாப்பி வேண்டாம், காந்தம் இருக்கு.
எதையும் இரண்டு இடத்தில் வை.

கடைசியை மட்டும் செய்யவில்லை. அவள் குரல் இரண்டு எதற்கு என்று ஒரு வீம்பு. காந்தத்துக்குப் பயந்து பீரோவுக்குள் துணியில் சுற்றி வைத்தவன், என் கையாலேயே சந்தனத்தைப் பூசினேன்.

20.10.99

பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டர். அங்கிருந்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, புதுசு ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

சாயங்காலம் மகன் போன். அவனிடம் காப்பி இருக்கிறதா என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன். இல்லை என்றான். "ஏன்ப்பா, போயிருச்சா?" என்றான். மழையால் லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவள் குரலை மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். வார்த்தை வருகிறது, குரல் வரவில்லை. பயமாக இருக்கிறது.

21.10.99

பழைய மில் ஆள் ஒருவரைக் கடைவீதியில் பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பாத்திமா என்று ஒரு பெண் சென்டர் நடத்துகிறதாம், நனைந்த ஃப்ளாப்பியைக்கூடச் சரிசெய்ததாம். நாளை முதல் பஸ்.

ரேஷன் கார்டு, குடை, ஃப்ளாப்பி (சட்டைப் பையில் வேண்டாம், வேர்வை).

ரேஷன் கார்டு எதற்கு என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

22.10.99

நல்ல மழை. பஸ் ஒழுகியது, ஃப்ளாப்பி டப்பாவை மடியில் வைத்து அதற்குக் குடை பிடித்தேன். கண்டக்டர் சிரித்தார்.

பாத்திமாவுக்கு முப்பது வயசு இருக்கும். பார்த்ததும், "பூஜை போட்டீகளா ஐயா?" என்றது. ஆமாம் என்றேன். வருஷா வருஷம் இந்த வாரத்தில் நாலைந்து வரும் என்றது. சிரிக்கவில்லை. உள்ளே என்ன என்று கேட்டது. இந்த முறை சொன்னேன்.

பிளேடால் தகட்டைக் கழற்றி, பிளாஸ்டிக்கைப் பிளந்து, உள்ளிருந்த மெல்லிய வட்டத் தகட்டை எடுத்தது. பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில் மெதுவாக அலசியது. ஃபேனுக்கு அடியில் ஒரு மணி நேரம் காயவைத்தது. பிறகு புது ஃப்ளாப்பி ஒன்றைப் பிளந்து, அதன் கூட்டுக்குள் இதை வைத்து மூடியது. முப்பது வருஷம் மோட்டார் கழற்றினவன், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முன்பாதி வந்தது. பின்பாதி வரவில்லை. கடைசியில் அவள் ஒரு சிரிப்பு சிரிப்பாள், அது போய்விட்டது. பாத்திமா மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டு, "இம்புட்டுத்தான் ஐயா வருது, மன்னிச்சிக்கிடுங்க" என்றது. நான் செய்த தப்புக்கு அது மன்னிப்புக் கேட்கிறது. வந்தவரைக்கும் மூன்று ஃப்ளாப்பியில் ஏற்றித் தந்தது.

ஸ்பீக்கரில் போட்டுக் காட்டியது. டைப் பண்ணிக்கொண்டிருந்த பிள்ளைகள் கையை நிறுத்தின.

"ஏலே, இதைப் பாத்துத்தான் பேசணுமா? நான் என்ன பேச? அங்க போய் நேரத்துக்குச் சாப்பிடு. அப்பா சாப்பிட்டாவளா, கேளு."

பிறகு கரகரப்பு.

விடிவதற்கு முன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பியவன், அத்தனை பேர் முன்னாலும், "சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டு ஹோட்டலில் நாலு இட்லி.