கல்குவாரியில் தண்ணீர் புரண்ட வருஷம்

அன்புள்ள மதினி,

பொங்கலுக்கு வீட்டை ஒதுங்க வைக்கும்போது பரண் மேல் உங்கள் பாட்டில் கிடைத்தது. கழுத்தில் நைலான் கயிறு, அடியில் கம்பி சுற்றிய கல், மூடியில் தனியாக ஒரு சரடு. மூக்கருகே கொண்டுபோனேன். வாசம் எல்லாம் எப்போதோ போய்விட்டது. ஆனாலும் எனக்கு வந்தது, அந்த அழுகின முட்டை வாசம்.

கரிவலம்வந்தநல்லூர் போகிற வழியில் கைவிட்டுக் கிடந்த கல்குவாரியில் நாம் மீன் விட்டபோது, அண்ணனுக்கு அது பெரிய கிணறு, அவ்வளவுதான். நீங்கள் முதல் நாளே இறங்கி நீந்தினீர்கள். கரையேறிச் சேலையைப் பிழிந்துகொண்டே என்னிடம், "ஏட்டி, மேல வெந்நி கணக்கா இருக்கு. கால் போற எடத்துல ஐஸா இருக்கு. இங்கன ரெண்டு தண்ணி கெடக்கு" என்றீர்கள்.

அதற்குப் பிறகுதான் இந்தப் பாட்டில் வந்தது. ஆழத்தில் இறக்கிச் சரடை இழுத்தால் மூடி கழன்று அடித்தண்ணீர் நிறையும். அழுகின முட்டை மாதிரி நாறிய அந்தத் தண்ணீரைப் பல தடவை எடுத்து ஒரு வாளியில் ஊற்றி, ஒரு குஞ்சுமீனை விட்டீர்கள். கொஞ்ச நேரத்தில் அது மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. உடனே அதை எடுத்துக் குவாரியிலேயே விட்டுவிட்டீர்கள். வெயிலில் சூடான தண்ணீர் லேசாகி மேலேயே நிற்கும், காற்று அதைத் தாண்டி இறங்காது, அடியில் இலையும் சகதியும் மக்கி, அங்கே இருக்கிற கொஞ்சக் காற்றையும் தின்றுவிடும் என்று எனக்கு விளங்கும்படி சொன்னீர்கள். "மேல உள்ளது குளுந்துட்டுன்னா ரெண்டும் கலந்துரும். அன்னைக்கு மீனு எங்க போவும்?"

அந்தக் கார்த்திகையில் மூன்று நாள் வெயிலே இல்லை. தூறலும் வாடைக்காற்றும். நான்காம் நாள் காலையில் நீங்கள் மேல்தண்ணீரில் ஒரு கையும், பாட்டில் தண்ணீரில் ஒரு கையும் வைத்தீர்கள்.

"வித்தியாசமே இல்ல. இன்னைக்கே வலையப் போடணும்."

"மீனு இன்னும் எடைக்கு வரல. ஒரு மாசம் பொறு" என்றான் அண்ணன்.

"மீனு பொறுக்கும். தண்ணி பொறுக்காது."

அவன் என்னைப் பார்த்தான். "நீ என்ன சொல்லுத?"

"அண்ணன் சொல்லுததுதான் சரின்னு படுது மதினி" என்றேன். நீங்கள் பாட்டிலில் செய்ததை எல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். இருந்தும் அப்படித்தான் சொன்னேன்.

நீங்கள் வாதாடவில்லை. போன் போட்டு வலைக்காரர்களை வரவழைத்து, நீங்களும் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலையைப் பிடித்தீர்கள். அரைமணி நேரம் கரையில் நின்றுவிட்டு நானும் இறங்கினேன். அண்ணன் கடைசியாக வந்தான். இருட்டுவதற்குள் பாதிக்கு மேல் எடுத்துவிட்டோம்.

மறுநாள் விடிந்தபோது குவாரி கறுத்துக் கிடந்தது, அந்த வாசத்தோடு. மிச்ச மீன்கள் எல்லாம் மேலே வந்து வாய் பிளந்தன. மத்தியானத்துக்குள் வெள்ளையாக மிதந்தன. அண்ணன் கரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். நீங்கள் என் பக்கம் திரும்பி, "சாப்பிட்டியாட்டி?" என்று மட்டும் கேட்டீர்கள். நான் சொன்னதைப் பற்றி அன்றைக்கும் கேட்கவில்லை, நெஞ்சுவலி வந்து நீங்கள் போகிற வரைக்கும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் தண்ணீர் பிரிந்து நிற்க ஆரம்பிக்கும் முன்பே மோட்டார் வைத்து, அடித்தண்ணீரைத் தினமும் கொஞ்சம் மேலே தூக்கிப் பூவாய்த் தெளிக்க வைத்தீர்கள். அதற்குப் பிறகு ஒருதடவையும் மீன் சாகவில்லை. இப்போது அந்த மோட்டாரை அண்ணன்தான் போடுகிறான். ஒரு நாள் தவறினாலும் அவனுக்கு இருப்புக் கொள்ளாது.

போன மாதம் ராயகிரியில் இருந்து ஒரு பெண் வந்தாள். அவர்களும் குவாரியில் மீன் விட்டிருக்கிறார்கள். மீனைச் சீக்கிரம் எடுக்க வேண்டும் என்று இவள் சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்களாம். "நீங்க வந்து சொன்னா கேப்பாவ அக்கா" என்றாள். கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கே அவளோடு கிளம்பினேன். அவள் மாமனாரும் கொழுந்தனும் கரையில் நின்றார்கள். இந்தத் தடவை எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நேராகப் போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன் மதினி.